நன்றாக இருக்கும் பிள்ளையை மருத்துவரிடம் ஏன் அழைத்துச் செல்ல வேண்டும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: குழந்தைக்கு இரவில் உடம்பு சுட்டால் விடியும்வரைகூடப் பொறுக்காமல் மருத்துவமனைக்கு ஓடும் பெற்றோர், அதே குழந்தை நலமாக இருக்கும்போது போட வேண்டிய தடுப்பூசியையும், பார்க்க வேண்டிய எடையையும், செய்ய வேண்டிய கண், பல் பரிசோதனைகளையும் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்களே, ஏன்? படித்தவர்களும் இப்படித்தான் இருக்கிறார்கள் என்றால் இது அறியாமையா, அலட்சியமா, இதை மாற்ற வழி உண்டா?

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைநல மருத்துவம் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் இது அறியாமையும் அல்ல, அலட்சியமும் அல்ல. வருமுன் காப்பது நல்லது என்பதை மறுத்துப் பேசிய ஒரு தாயையோ தந்தையையோ நான் இதுவரை சந்தித்ததில்லை. அந்த வாசகம் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது, எல்லோரும் அதைப் படித்திருக்கிறார்கள். சிக்கல் இருப்பது வேறு இடத்தில்.

சில ஆண்டுகளுக்கு முன் பதினான்கு மாத ஆண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தந்தை வந்தார். முந்தைய நாள் மாலையில் தொடங்கிய காய்ச்சல். இரவு முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பமானி வைத்துப் பார்த்து, புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைக்கூட விடாமல் கைப்பேசியில் குறித்து வைத்திருந்தார். எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்பதும் அதில் இருந்தது. இவ்வளவு கவனமான மனிதரிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்டேன். பையின் அடியிலிருந்து தேடி எடுத்துத் தந்தார். பிறந்த அன்று, ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என நான்கு இடங்களில் தேதியும் கையெழுத்தும் இருந்தன. அதற்குப் பிறகு எல்லாம் காலிக் கட்டங்கள். அட்டையில் எடையைக் குறித்துவரும் கோடும் அந்த மூன்றரை மாதத்தோடு நின்றிருந்தது. காரணம் கேட்டேன். "நன்றாகத்தானே இருந்தான் டாக்டர், நன்றாக இருக்கிற பிள்ளையைப் போய் எதற்குக் குத்த வேண்டும் என்று இருந்துவிட்டோம்" என்றார்.

அவர் சாக்குச் சொல்லவில்லை. தன் மனத்தில் இருந்ததை அப்படியே சொன்னார். காய்ச்சல் தானாக வந்து கதவைத் தட்டுகிறது. குழந்தை அழுகிறது, பால் குடிக்க மறுக்கிறது, தொட்டால் கை சுடுகிறது. எதையாவது செய் என்று அது பெற்றோரை உலுக்குகிறது. பத்தாம் மாதத்துத் தடுப்பூசிக்கோ ஒன்றரை வயது எடைக்கோ அப்படி உலுக்கும் குரல் எதுவும் இல்லை. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய சில உளவியலாளர்கள் இதே புதிரைத்தான் எதிர்கொண்டார்கள். காசநோயைக் கண்டறிய மார்பு எக்ஸ்ரே இலவசமாக எடுத்துத் தந்தும், அறிகுறி இல்லாத மக்கள் ஏன் வருவதில்லை என்று ஆராய்ந்தார்கள். இந்த நோய் எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசமாகும், இதைச் செய்வதால் உண்மையில் பயன் உண்டா, செய்வதில் என்னென்ன இடைஞ்சல் என்ற நான்கையும் மனிதர் தமக்குள் எடைபோட்டுப் பார்க்கிறார் என்றும், தட்டு சரியான பக்கம் சாய்ந்த பிறகும் அவரை எழுந்து நடக்க வைக்க ஒரு தூண்டுதல் வேண்டியிருக்கிறது என்றும் அவர்கள் கண்டார்கள். அந்தத் தந்தையைப் பொறுத்தவரை காய்ச்சலே தூண்டுதல். நலமாக இருந்த பத்து மாதங்களில் அவரை யாரும் தூண்டவில்லை.

ஆனால் இது பாதி விளக்கம்தான். தடுப்பு மருத்துவத்துக்கே உரிய இன்னொரு சங்கடம் உண்டு. பெற்றோரின் மனத்தைப் புரிந்துகொள்ள அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். சிகிச்சை என்பது ஏற்கெனவே கெட்டுப்போன ஒன்றைச் சரிசெய்வது. அதில் தவறு நேர்ந்தாலும் நோயின்மீது பழிபோட இடமுண்டு. தடுப்பு என்பதோ நன்றாக இருக்கும் குழந்தையின்மீது நாமே கைவைப்பது. அதில் ஏதாவது நடந்துவிட்டால் பழி முழுவதும் கையெழுத்துப் போட்ட தாய் தந்தையின் தலையில் விழும். தானாக வரும் கெடுதலைவிடத் தன் கையால் வரும் கெடுதல் பெற்றோருக்குப் பல மடங்கு கனமாகத் தெரிகிறது.

இதற்கு மிகப் பழைய சாட்சி ஒருவர் இருக்கிறார். 1736இல் அமெரிக்க அறிவியலாளரும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் நான்கு வயது மகன் பெரியம்மையில் இறந்தான். ஆங்கில மருத்துவர் ஜென்னர் 1796இல் பெரியம்மைத் தடுப்பூசியைக் கண்டறிவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்ததை நலமாக இருப்பவரின் தோலைக் கீறி ஏற்றும் முறைதான் அப்போது இருந்தது. அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் இறப்பதும் உண்டு. இயல்பாக நோய் கண்டவர்களிலோ நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்தார்கள். ஃபிராங்க்ளின் அந்த முறையை ஆதரித்து எழுதியவர். மகனுக்கும் அதைச் செய்யவே நினைத்திருந்தார். வயிற்றுப்போக்கில் கிடந்த பிள்ளை தேறட்டும் என்று தள்ளிப்போட்டார், அதற்குள் பெரியம்மை முந்திக்கொண்டது. பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது பெற்றோர்களுக்காகவே அதைக் குறிப்பிட்டார்: கீறி ஏற்றியதால் பிள்ளை இறந்தால் தம்மை மன்னித்துக்கொள்ள முடியாது என்று பலர் தயங்குகிறார்கள், ஏற்றாமல் விட்டு இறந்தாலும் அதே வேதனைதான், ஆகவே ஆபத்து குறைந்ததையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். அறிவியலில் தேர்ந்த ஒருவருக்கே இப்படி நேர்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நம்மிடம் வரும் பெற்றோரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கத் தோன்றும்.

இந்த மனப்போக்கை 1990இல் இலானா ரிடோவ், ஜொனாதன் பேரன் என்ற இரு உளவியலாளர்கள் கற்பனைக் கணக்கு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். ஒரு நோய் பத்தாயிரம் குழந்தைகளில் பத்துப் பேரைக் கொல்கிறது. தடுப்பூசி அந்த நோயை முழுவதும் தடுத்துவிடும், ஆனால் ஊசியாலேயே சிலர் இறக்கக்கூடும். எத்தனை பேர்வரை என்றால் உங்கள் பிள்ளைக்குப் போடுவீர்கள்? கணக்குப்படி ஒன்பது பேர் என்றாலும் ஊசிதான் லாபம். ஆனால் பலர் அதைவிட மிகக் குறைந்த எண்ணிலேயே நின்றுவிட்டார்கள். ஊசியால் ஒருவர்கூட இறக்கக் கூடாது என்றவர்களும் உண்டு. இவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. செய்து வரும் இழப்பையும் செய்யாமல் வரும் இழப்பையும் ஒரே தராசில் வைக்க மனம் மறுக்கிறது, அவ்வளவுதான்.

நடைமுறையில் அந்தத் தராசு இவ்வளவு நெருக்கமாகவும் இருப்பதில்லை. தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நடுவே ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்ற வைப்பார். அவர் அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை கிருமி காற்றில் இருக்கும். நோய் கண்ட ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ ஒருவருக்கு மூளை அழற்சி ஏற்படுகிறது. நல்ல மருத்துவ வசதி உள்ள இடங்களில்கூட ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று குழந்தைகள் இறக்கின்றன. எதிர்த் தட்டில் இருப்பது என்ன? தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்குப் பின் மூவாயிரம், நாலாயிரம் தவணைகளுக்கு ஒன்றில் காய்ச்சல் வலிப்பு வரும்; பார்க்கப் பதறும், ஆனால் பெரும்பாலும் தழும்பின்றி முடிந்துபோகும். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பத்து லட்சம் தவணைகளுக்கு ஒன்று என்ற அளவில் நேர்கிறது. தடுப்பூசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது இதற்காகத்தான், உடனே கவனித்தால் அதையும் சமாளித்துவிடலாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: தட்டம்மை வந்து போன குழந்தைகளின் உடலில், மற்ற நோய்களுக்கு எதிராக முன்பே இருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடுவரை அழிந்திருந்தன. தட்டம்மை போன பிறகும் குழந்தை அடிக்கடி நோயில் விழுவதைக் கண்ட பழைய தாய்மார்களின் அனுபவத்துக்கு இது விளக்கம் தருகிறது.

பழைய தாய்மார்கள் என்று சொன்னது காரணத்தோடுதான். தடுப்பூசி வருவதற்கு முன், உலகெங்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய 26 லட்சம் பேர் தட்டம்மையால் இறந்தார்கள். அந்தக் காலத்துத் தாய்க்குத் தட்டம்மை என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அடுத்த வீட்டிலேயே பார்த்திருப்பாள். இன்றைய தாய் அதைப் பார்த்ததில்லை, பார்க்காததற்குக் காரணமே தடுப்பூசிதான். 1974இல் உலகச் சுகாதார நிறுவனம் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் ஐம்பது ஆண்டுகளில் 15 கோடியே 40 லட்சம் உயிர்களைக் காத்தது என்று 2024இல் கணக்கிட்டார்கள். அதில் பெரும்பங்கு தட்டம்மைத் தடுப்பூசியால். ஆனால் காக்கப்பட்ட குழந்தை தான் காக்கப்பட்டதை அறியாது, அதன் தாயும் அறியமாட்டாள். என்னால்தான் என் மகளுக்குக் கக்குவான் இருமல் வரவில்லை என்று ஒரு தாய் பெருமைப்பட்டு நான் கேட்டதில்லை. ஊசி போட்ட இரவு குழந்தை அழுததை மட்டும் பத்து ஆண்டு கழித்தும் சொல்வார்கள்.

இதுவரை தடுப்பூசியைப் பற்றியே பேசிவிட்டேன். கேள்வியில் கண்ணும் பல்லும் எடையும் இருந்தன. ஒரு வகையில் அவை இன்னும் கடினமானவை, ஏனென்றால் அங்கே பயமோ எதிர்ப்போகூட இல்லை, குறை இருப்பதே தெரிவதில்லை.

ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கலாகப் பிறந்த குழந்தை அதைப் பற்றி ஒருநாளும் முறையிடாது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். நல்ல கண் மற்றதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடுவதால் ஓடும், பந்து பிடிக்கும், படம் பார்த்துப் பெயர் சொல்லும். பயன்படாத கண்ணோடு மூளை மெல்ல உறவை முறித்துக்கொள்ளும். சோம்பேறிக் கண் என்று சொல்லப்படும் இந்த நிலையை ஏழு வயதுக்கு முன் கண்டுபிடித்தால் கண்ணாடியாலும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைக்கும் பயிற்சியாலும் பெருமளவு மீட்கலாம். காலம் செல்லச் செல்ல மீட்பது கடினமாகும். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வலது கண்ணை மூடச் சொன்னதும் தலையைத் திருப்பித் திருப்பி விரலிடுக்கில் பார்க்க முயன்றாள். விளையாட்டுக் காட்டுகிறாள் என்று தாய் சிரித்தார். இடது கண்ணை மூடியபோது அசையாமல் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் கடகடவென்று சொன்னாள். அப்போதுதான் தாயின் முகம் மாறியது. ஐந்து ஆண்டுகள் கூடவே இருந்து ஊட்டி வளர்த்த தாய்க்குத் தெரியாததை ஒரு துண்டு அட்டை காட்டிக்கொடுத்தது. இதில் அவர் குற்றம் எதுவுமில்லை.

செவித்திறனும் இதைப் போன்றதே. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்கு நிலையான செவிக்குறை இருக்கிறது. கதவு அறைந்தால் திரும்புகிறதே என்று வீட்டில் சமாதானம் கொள்வார்கள். கதவின் அதிர்வையும் நிழலையும் உணர்ந்து திரும்பும் குழந்தைக்குச் சொற்கள் கேட்பதில்லை என்பது பேச வேண்டிய வயதில்தான் தெரியவரும். முதல் மாதத்துக்குள் சோதிப்பது, மூன்றாம் மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறாம் மாதத்துக்குள் உதவியைத் தொடங்குவது என்று காலக்கெடு வைத்திருப்பதன் காரணம், மொழிக்கான மூளையின் வாசல் யாருக்காகவும் காத்திருக்காது என்பதுதான்.

பல்லைப் பற்றி ஒரே வாதம்தான் எங்கும் கேட்கிறேன்: விழப்போகிற பல்தானே. முன்பற்களுக்கு அது ஓரளவு பொருந்தும். பால் கடைவாய்ப் பற்கள் விழுவது பத்து, பன்னிரண்டு வயதில். மூன்று வயதில் சொத்தை விழுந்தால் ஏழெட்டு ஆண்டுகள் அந்த வலியோடுதான் குழந்தை மென்று தின்ன வேண்டும். முதல் பல் முளைத்த நாளிலிருந்து அரிசி அளவு ஃபுளோரைடு பற்பசை வைத்துத் துலக்குவதும், பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கவிடாமல் இருப்பதும், ஒரு வயதுக்குள் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவதும் போதும்.

எடைக் கோட்டைப் பெற்றோர் தேர்வு மதிப்பெண் பட்டியலைப் போலப் படிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நடுக்கோட்டுக்குக் கீழே புள்ளி விழுந்தால் குழந்தை தோற்றுவிட்டதாக முகம் சுருங்குகிறது. அடுத்த முறை எடை பார்க்கவே வரமாட்டார்கள். உண்மையில் நலமான குழந்தைகளில் பாதிப்பேர் நடுக்கோட்டுக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும், நடு என்பதன் பொருளே அதுதான். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவீடு ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டது. நல்ல சூழலில் தாய்ப்பால் குடித்து வளரும் குழந்தைகள் எந்த நாட்டில் பிறந்தாலும் ஒத்த விதமாகவே வளர்கிறார்கள் என்று அது காட்டியது. நாங்கள் பார்ப்பது புள்ளி எங்கே விழுந்தது என்பதை அல்ல, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதை. தன் வழியில் கீழ்க்கோட்டை ஒட்டியே சீராக ஏறும் குழந்தையைப் பற்றிக் கவலையில்லை. மேலே இருந்து இரண்டு கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கும் கொழுகொழு குழந்தையைப் பற்றித்தான் கவலை. வீட்டில் அந்தக் குழந்தையைத்தான் எல்லோரும் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். இரும்புச்சத்துக் குறைபாடும் அப்படிக் கண்ணுக்குத் தப்பும். கருவில் சேர்த்துவைத்த இரும்பு ஏறத்தாழ ஆறு மாதத்தோடு தீர்ந்துவிடும், அதன் பிறகு உணவில் வராவிட்டால் இரத்தசோகை வெளியே தெரிவதற்கு முன்பே மூளை வளர்ச்சி அதற்கு விலை கொடுக்கத் தொடங்குகிறது.

இனி, நம்பிக்கை. மருத்துவர்கள் சொல்வதையெல்லாம் பெற்றோர் ஏன் அப்படியே ஏற்பதில்லை என்று எங்களில் சிலர் அங்கலாய்ப்பதுண்டு. நான் அதில் சேர்வதில்லை, ஏனென்றால் மருத்துவமும் தவறியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பல மருத்துவர்கள் கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார்கள். தொட்டிலில் திடீரென நேரும் மரணத்துக்கும் குப்புறப் படுப்பதற்கும் உள்ள தொடர்பைக் காட்டும் சான்றுகள் 1970 வாக்கிலேயே இருந்தன, யாரும் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. 1990களின் தொடக்கத்தில்தான் மல்லாத்திப் படுக்கவைக்கும்படி பல நாடுகளில் பிரசாரம் தொடங்கியது. அதன் பின் அந்த மரணங்கள் பல இடங்களில் பாதிக்கும் கீழே குறைந்தன. இன்று ஒரு பாட்டி, எங்களுக்கு டாக்டர் குப்புறத்தானே போடச் சொன்னார் என்று கேட்டால், அவர் சொல்வது உண்மை. ஆமாம் அம்மா, அப்போது நாங்கள் தவறாகச் சொன்னோம், இப்போது திருத்திக்கொண்டோம் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு எந்தக் குறைவும் இல்லை. ஒப்புக்கொள்ளும் மருத்துவரின் அடுத்த சொல்லைப் பாட்டி கேட்பார் என்பது என் அனுபவம்.

எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998இல் பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றது. 2019இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. ஆயினும் அந்த ஐயம் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோரின் கண்ணில் படும் வயதும் இந்த ஊசி போடும் வயதும் ஒன்றாக இருப்பது அதற்கு ஒரு காரணம். முன்னால் வந்ததைப் பின்னால் வந்ததற்குக் காரணமாக்குவது மனித மனத்தின் இயல்பு.

ஐயத்தைத் தகவலால் விரட்டிவிடலாம் என்று நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். 2014இல் 1,759 பெற்றோரிடம் நடத்தப்பட்ட சோதனை ஒன்று அந்த நம்பிக்கையை அசைத்தது. ஆட்டிசத்தோடு தொடர்பில்லை என்று விளக்கியபோது தவறான எண்ணம் குறைந்தது. ஆனால் ஏற்கெனவே தடுப்பூசியை வெறுத்தவர்களிடம் அடுத்த குழந்தைக்குப் போடும் விருப்பமும் சேர்ந்தே குறைந்தது. நோயுற்ற குழந்தைகளின் படங்களைக் காட்டியபோது தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்புண்டு என்ற எண்ணமே கூடியது. ஒரு வாதத்தில் தோற்ற மனிதர் அடுத்த வாதத்தைத் தேடிக்கொள்கிறார். அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான மற்றொரு ஆய்வு மருத்துவர் பேச்சைத் தொடங்கும் விதத்தைக் கவனித்தது. "இன்று இரண்டு ஊசி இருக்கிறது" என்று இயல்பாகத் தொடங்கியபோது 26 விழுக்காட்டுப் பெற்றோர் மறுத்தார்கள், "ஊசியைப் பற்றி என்ன முடிவு செய்திருக்கிறீர்கள்" என்று தொடங்கியபோது 83 விழுக்காட்டினர் மறுத்தார்கள். மறுக்கக்கூடியவர் என்று முன்பே தெரிந்தவரிடம் மருத்துவர் தயங்கிப் பேசியிருக்கவும் கூடும், ஆகவே முழுப் பலனும் சொல்லாட்சிக்கு உரியதல்ல. ஆனாலும் வழக்கமான ஒன்றை வழக்கமானதாகவே சொல்வதும், கேள்வி கேட்டால் அங்கேயே நின்று பொறுமையாகப் பதில் சொல்வதும் நல்ல பழக்கம்.

மனப்பான்மை என்று நாம் ஏட்டில் எழுதிவைப்பதில் கணிசமான பகுதி மனப்பான்மையே அல்ல என்பது என் துணிபு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு தடுப்பூசித் தயக்கத்தை மூன்றாகப் பிரித்தது: நம்பிக்கைக் குறைவு, மெத்தனம், வசதிக்குறைவு. மூன்றாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அரைநாள் கூலியை விட்டு வந்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, அட்டையைக் கொண்டுவரவில்லை என்பதற்காக வரிசையில் எல்லோர் முன்னும் கடிந்துகொள்ளப்பட்ட தாய் மறுமுறை வராவிட்டால் அதை எந்த மனப்பான்மையில் சேர்ப்பது? 2010இல் வெளியான ஒரு கிராமப்புற ஆய்வில், வழக்கமான ஏற்பாட்டோடு விடப்பட்ட ஊர்களில் 6 விழுக்காட்டுக் குழந்தைகள்தான் எல்லாத் தவணைகளையும் முடித்திருந்தார்கள். மாதந்தோறும் தவறாமல் ஊருக்கே வந்து முகாம் நடத்தியபோது அது 18 விழுக்காடாயிற்று. முகாமோடு ஒரு சிறு அன்பளிப்பும் சேர்ந்தபோது 39 விழுக்காடாக உயர்ந்தது. ஒரு சிறு பொருளுக்காக யாரும் தம் கொள்கையை விற்றுவிடமாட்டார்கள். அவர்களிடம் எதிர்ப்பு இருந்ததில்லை, இன்றே வருவதற்கு ஒரு காரணம்தான் இல்லாதிருந்தது. நினைவூட்டும் குறுஞ்செய்தி, அஞ்சல், தொலைபேசி அழைப்பு ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததிலும் தடுப்பூசி போடுவோர் சராசரியாக 8 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுகிறார்கள் என்றே தெரிகிறது.

தள்ளிப்போடுவதற்கு நாங்களே சில பொய்க் காரணங்களையும் கற்றுக்கொடுத்திருக்கிறோம். லேசான சளி, மிதமான வயிற்றுப்போக்கு, குறைந்த காய்ச்சல் எதுவும் ஊசியைத் தள்ளிவைக்கக் காரணமல்ல. குழந்தை கடுமையாக நோயுற்றிருந்தால்தான் காத்திருக்க வேண்டும். ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும் பொதுவாக உண்மையல்ல. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திட்டுவார்கள் என்ற பயத்தாலும், எல்லாம் வீணாகிவிட்டது என்ற எண்ணத்தாலும் வராமலே போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தந்தையிடமும் இதைத்தான் சொன்னேன்: எதுவும் வீணாகவில்லை, போட்ட மூன்றரை மாதம் அப்படியே கணக்கில் இருக்கிறது. அன்றைக்கு அவர் மனம் ஊசிக்குத் தயாராக இல்லை, அதனால் நான்கு நாள் கழித்து ஒரு தேதியைக் குறித்தோம். காய்ச்சலைக் குறித்துவைத்த அதே கைப்பேசியில் அதற்கும் ஓர் அலாரம் வைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டில் இதை எப்படிக் கையாள்வது என்பதற்கு வருகிறேன். வாதிட்டு வெல்ல முயல வேண்டாம். வீட்டில் ஊசிக்குத் தயங்குபவர்களிடம், எது அவர்களைத் தயங்க வைக்கிறது என்று கேளுங்கள். பலமுறை அது கொள்கையாக இருக்காது, குழந்தை துடிப்பதைப் பார்க்க முடியாததாக இருக்கும். அதற்கு வழி உண்டு. ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். சற்றுப் பெரிய குழந்தையைப் படுக்கவைத்து அமுக்கிப் பிடிக்காமல் மடியில் நிமிர்த்தி அணைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் பல ஊசிகள் என்றால் அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசியில் போடச் சொல்லலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்த முறைகள் இவை, செலவு எதுவும் இல்லை. வலிக்கவே வலிக்காது என்று குழந்தையிடம் பொய் சொல்ல வேண்டாம். அடுத்த முறை அது உங்களை நம்பாது.

பின்விளைவுகளை மறைக்கவும் வேண்டாம். தட்டம்மைத் தடுப்பூசி போட்டால் அன்றிரவு காய்ச்சல் வருவது குறைவு. ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள்தான் சில குழந்தைகளுக்கு உடம்பு சூடாகும், லேசாகத் தடிப்பும் தெரியலாம், ஓரிரு நாளில் அடங்கும். இதை முன்பே சொல்லாவிட்டால், எட்டாம் நாள் நள்ளிரவில் குழந்தை கொதிக்கும்போது வீட்டில் ஒருவர், நான் அப்போதே சொன்னேனே என்பார், அதோடு அடுத்த தவணை போய்விடும். முன்பே சொல்லியிருந்தால் அதே நள்ளிரவில் அதே காய்ச்சலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டாக்டர் சொன்ன காய்ச்சல் இதுதான் போலிருக்கிறது என்று பாட்டியே மருந்தை எடுத்துக்கொண்டு வருவார்.